நெய்மீன் கறியும் ரீஸ்லிங்கும்

வெள்ளி, இரவு

கோவளத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் பல நாட்டு ஒயின்களைச் சுவைக்கும் நிகழ்ச்சி. வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. மீதி இடம் வாசனைக்கு. சுழற்றி, முகர்ந்து, வாயில் புரட்டிவிட்டுத் துப்பலாம். அதற்கென்று பாத்திரமும் உண்டு.

நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதி சாவிஞான் பிளாங்க்கை முகர்ந்ததும் பச்சைக் கொய்யா நினைவுக்கு வந்தது. அடுத்தது நாசிக் செனின் பிளாங்க். ராஜீவ் சாமந்த் 1997-ல் அங்கே கொடிகளை நட்டு, 2000-ல் தன் சூலா நிறுவனத்தின் முதல் ஒயினை வெளியிட்டார். இத்தனை குறுகிய காலத்தில் இந்திய ஒயின் உலகமேசையில் கூச்சமின்றி நிற்கிறது என்பதில் எனக்கு உண்மையான பெருமை.

சிலியின் கார்மெனேருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பிரான்சின் போர்டோவிலிருந்து போன கொடி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா பூச்சி அங்கே தோட்டங்களை அழித்தபின் பிறந்த மண்ணில் அநேகமாக இல்லாமலே போயிற்று. சிலியில் அதை மெர்லோ என்றே நினைத்து வளர்த்துவந்தார்கள். 1994-ல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு அறிஞர் இலையையும் பூவையும் பார்த்து அடையாளம் சொன்னார். நறுக்கிய குடமிளகாயின் வாசனை. நாக்கின் இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. நெல்லிக்காயும் வாழைப்பூவும் தின்று வளர்ந்த நமக்கு அது அன்னியமே இல்லை.

ஒரு குறை. சிவப்பு ஒயினை அறையின் சூட்டிலேயே தந்தார்கள். அறைச்சூட்டில் தர வேண்டும் என்ற விதி ஐரோப்பிய அறைக்கு உரியது. பதினாறு பதினெட்டு டிகிரிதான் கணக்கு. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் பழவாசனை பின்வாங்கி, சாராய நெடி முன்னால் வந்து நிற்கிறது. இங்கே சிவப்பையும் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்தே ஆக வேண்டும்.

பிறகு சாப்பாடு. மரச்சீனிக்கிழங்கு, குடம்புளி போட்ட நெய்மீன் கறி. கார்மெனேரோடு ஒரு வாய் எடுத்ததும் மிளகாய் இரட்டிப்பாக எரிந்தது, மீன் கவிச்சி அடித்தது. துவர்ப்பும் சாராயமும் காரத்தைத் தூண்டிவிடும். சிவப்பு ஒயினிலுள்ள இரும்பு மீனோடு சேர்ந்தால் கவிச்சி எழும். ஜெர்மனியின் ரீஸ்லிங் பக்கம் திரும்பினேன். லேசான இனிப்பு காரத்தைத் தணித்தது, அதன் புளிப்பு குடம்புளியோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய மாலையின் சிறந்த கோப்பை அதுதான். விலையுயர்ந்த சிவப்பைத் தேடிப் போகிறவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.

ஞாயிறு, காலை

ஒயின் இந்தக் கரைக்கு எப்போது வந்தது என்று அறிய, பட்டணம் என்ற ஊரின் அகழாய்வு பற்றி நேற்று முழுக்க வாசித்தேன். திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் வடக்குப் பரவூர் அருகே தோண்டியது. பழைய துறைமுகமான முசிறி அங்கேதான் இருந்தது என்று பலர் கருதுகிறார்கள். கிடைத்த ஆம்போரா சாடித் துண்டுகளில் இத்தாலியின் கம்பானியாவில் செய்தவை உண்டு. எரிமலை மண்ணின் கருந்துகள்கள் அவற்றைக் காட்டிக்கொடுத்தன. கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வணிக நூலான பெரிப்ளூஸ் முசிறியில் இறங்கும் சரக்குகளில் ஒயினைச் சேர்க்கிறது, அதிகமில்லை என்ற குறிப்போடு. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த தேறல் என்ற மதுவைச் சொல்கிறார். மிளகு வாங்க வந்தவர்களின் கப்பலில் பல நாட்டு ஒயின் இந்தக் கரைக்கு அன்றே வந்திருக்கிறது. மிளகிட்ட மீனோடு அதை யாராவது குடித்துப் பார்த்திருப்பார்கள் என்று நம்ப எனக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேசையில் இந்தப் பக்கத்துப் பழம் ஒன்றுகூட இல்லை. குமுளி மலை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே விளைகிறது. வாழக்குளம் அன்னாசிக்கும் அந்தக் குறியீடு உண்டு. பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்குக் கேரளம் 2022-ல் விதிகளும் வகுத்துவிட்டது. நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கு இன்றே எழுதப் போகிறேன்: அடுத்த முறை ரீஸ்லிங்குக்குப் பக்கத்தில் ஓர் அன்னாசி ஒயினையும் வையுங்கள், கூடவே மத்தி வறுவலும்.