எந்தத் தண்டை வெட்டுவது?

உத்தரகாண்ட் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த ஊர் இராணிகேத். வானம் தெளிந்த நாளில் திரிசூல், நந்தாதேவிச் சிகரங்கள் பனி மூடித் தோன்றும். மத்திய அரசுப் பணியில் இருந்த ஒருவர், ஓர் ஏப்ரல் மாதத்தில் மாற்றலாகித் தம் குடும்பத்துடன் அங்கு வந்து சேர்ந்தார். அவர்களுக்குக் கிடைத்த குடியிருப்பின் பின்புறம் சிறு தோட்டம் ஒன்று இருந்தது. வேலியோரத்தில் ஆளுயர முள்தண்டுகள் வரிசையாக நின்றன. முன்பு குடியிருந்தோர் எவரோ வைத்துச் சென்ற ராஸ்பெரி அது.

அவருடைய மனைவி தொட்டியத்தில் பிறந்தவர். காவிரிப் பாசனத்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர். பக்கக் கன்றுகளை விட்டுவைத்தால் தாய்வாழையின் சத்து குறையும் என்று தந்தையார் அவற்றை அறுத்தெறிவதைச் சிறு வயது முதல் கண்டிருந்தார். ஆதலால், ராஸ்பெரியின் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு புதுத் தண்டுகள் கிளம்பியபோது அவருக்கு ஐயமே எழவில்லை. அரிவாளை எடுத்தார், ஒன்று விடாமல் அறுத்தார். கோடை முழுவதும் அவை முளைக்க முளைக்க அறுத்துக்கொண்டே இருந்தார்.

சூன் மாதத்தில் பழைய தண்டுகள் கொத்துக் கொத்தாகப் பழுத்தன. மணிமணியாய்ச் சேர்ந்த சிவந்த பழம். பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிட, பழம் மட்டும் உள்ளீடற்ற சிறு தொப்பிபோல் கையில் வரும். ஆறாம் வகுப்பில் படித்த மகள் விரல் நுனிக்கொன்றாய் மாட்டிக்கொண்டு தின்றாள். ஒருநாள் வைத்திருந்தாலே குழைந்துவிடும் பழமாதலால், தொட்டியத்துப் பாட்டிக்கு அனுப்ப வழியில்லையே என்பதுதான் அவள் குறை. தாய்க்கோ தம் அரிவாளின் மீது பெருமிதம்.

மறுவசந்தத்தில் அந்தப் பெருமிதம் போயிற்று. அண்டைத் தோட்டத்து ஆப்பிள் மரங்கள் பூத்தன. ராஸ்பெரித் தண்டுகளில் ஓர் இலைகூடத் துளிர்க்கவில்லை. தோல் உரிந்து, சாம்பல் படிந்த குச்சிகளாக நின்றன. ஒடித்துப் பார்த்தார், உள்ளே ஈரமில்லை. செடி பட்டுவிட்டது என்று முடிவுசெய்து, வேரோடு அகழ்வதற்கு மண்வெட்டியுடன் இறங்கினார்.

அடுத்த வீட்டு மூதாட்டி வேலிக்கு அப்பாலிருந்து பதறிக் குரல் கொடுத்தார். குமாவுனி மொழியில் பாட்டியை 'ஆமா' என்பர். மகள் அவரை அவ்வாறே அழைப்பாள். எதைச் சொன்னாலும் அவள் உடன்படுவதுபோலக் கேட்கிறது என்று வீட்டில் நகைப்பதுண்டு. அன்று ஆமா எதற்கும் உடன்படவில்லை. வேலியைச் சுற்றி வந்து, மண்வெட்டியை வாங்கிக் கீழே போட்டார். தண்டுகளின் அடியில் கிடந்த சருகை விலக்கினார். விரல் நீளத்தில் நாலைந்து செம்பச்சை முளைகள் தலைநீட்டியிருந்தன.

ஆமா கூறியதை மகள் தமிழில் சொன்னாள். ராஸ்பெரியின் வேருக்கு ஆயுள் பல ஆண்டு. தண்டுக்கு இரண்டே ஆண்டு. முதலாண்டில் தண்டு வளரும், இலை விடும், பழம் தராது. இரண்டாம் ஆண்டில் பூத்துக் காய்த்துப் பழுக்கும், பின் உலரும். இவ்வாண்டு பழுக்க வேண்டிய தண்டுகளையே சென்ற கோடையில் முளையிலேயே அறுத்தாயிற்று.

தாய் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, "வாழைதான் கண்ணு இது. குலை தந்த மரத்தை வெட்டுவோம். அதற்கு முன்பே ஒரு கன்றை நிற்கவிடுவோம். நான் பாதிப் பாடத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தேன்" என்றார்.

அவ்வாண்டு பழமில்லை. வழியோரப் புதர்களில் காய்க்கும் மஞ்சள் ஹிசாலுப் பழங்களை மகள் பறித்துவந்து ஈடுகட்டிக்கொண்டாள். புதுத் தண்டுகள் தடையின்றி வளர்ந்தன. அடுத்த சூனில் பழுத்தன. பறித்து முடிந்ததும் கவாத்துச் செய்யும் நாள் வந்தது. இம்முறை தாயின் கை உடனே வெட்டத் துணியவில்லை. ஒவ்வொரு தண்டையும் தொட்டுப் பார்த்தார். பழுப்பேறி, பட்டை உரிந்து, பழம் பறித்த காம்புகளுடன் நின்றவை ஒருபுறம்; பசுமையாய், வழவழப்பாய், காம்பின் அடையாளமே இல்லாதவை மறுபுறம். முன்னவற்றை மட்டும் தரையோடு தரையாக, முண்டு நிற்காதவாறு நறுக்கினார். எஞ்சியவற்றிலும் மெலிந்தவற்றை நீக்கி, வலியவற்றைக் காற்றோட்டத்துக்கு இடம்விட்டுக் கம்பியில் கட்டினார். நல்ல பசுந்தண்டு ஒன்று தவறுதலாக அறுபட்டது. அதைத் தூக்கியெறிய மனமின்றி மாலைவரை திண்ணையில் வைத்திருந்தார். (இலையுதிர் காலத்தில் பழுக்கும் வகைகளும் உண்டு, அவை முதலாண்டுத் தண்டின் நுனியிலேயே பழுக்கும். அவற்றைக் குளிர்கால முடிவில் முழுவதுமாக வெட்டலாம். வேலியோரத்தில் நின்றது அவ்வகையன்று.)

மார்ச்சு மாதத்தில் மாற்றல் ஆணை வந்தது. தண்டுகளில் மொட்டுகூடக் கட்டவில்லை. புதிதாய் வருவோர் கண்ணுக்கு அவை வெறும் குச்சிகளாகவே தெரியும். தாம் செய்ததையே அவர்களும் செய்யக்கூடும். பெட்டிகள் கட்டப்பட்டுக்கொண்டிருக்க, தாய் பழைய சிவப்புக் கம்பளிநூலைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு தண்டிலும் கட்டினார். ஆமாவிடம் சொல்லிவைத்தார். பிறகு மகளை அழைத்து, இந்தியில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டச் செய்தார்: "சிவப்பு நூல் கட்டியவை இவ்வாண்டு பழுக்கும். பழம் முடிந்தபின் அவற்றை மட்டும் வெட்டுக. நூல் இல்லாமல் முளைப்பவற்றைத் தொட வேண்டா."

மகள் எழுதி முடித்ததும் தாய் தாளை வாங்கிப் பார்த்தார். "கீழே தமிழிலும் எழுது, கண்ணு. யார் வருவார்களோ!" என்றார். வண்டி வாசலில் வந்து நின்றது. மகள் நின்றபடியே தாளைக் கதவில் அழுத்தி, தமிழிலும் எழுதினாள்.