“இயல்பு” என்று எழுதிய முடிவு

முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் நான் எழுதிய சோதனை முடிவு ஒன்று இன்றும் என் நோட்டில் இருக்கிறது: “டிபிஎம்டி: இயல்பு.” ரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோபியூரின் மாத்திரை உண்டுவந்த ஒரு சிறுமியின் மாதிரி அது. மூன்றாம் வாரத்திலேயே வெள்ளணுக்கள் சரிந்து, காய்ச்சலோடு வார்டில் சேர்க்கப்பட்டிருந்தாள். மரபணுவில் காரணம் உண்டா என்று மருத்துவர் கேட்டிருந்தார். இல்லை என்றேன். உடல் தேறியதும், என் முடிவை நம்பி அதே அளவில் மாத்திரை மீண்டும் தொடங்கப்பட்டது. மீண்டும் சரிந்தது.

மருந்து புதியதன்று. கெர்ட்ரூட் எலியானும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கி, 1953இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உடலில் அது உருமாறி, குவானின் வேடத்தில் டிஎன்ஏவுக்குள் நுழைகிறது. நோய்ச்செல்லும் சாகும், எலும்பு மஜ்ஜைச் செல்லும் சாகும். மருந்தின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்யும் டிபிஎம்டி நொதி குன்றியவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சு. இதுவரை பாடநூல். ஆனால் பாடநூல் சொல்லும் அந்தத் திரிபுகள் ஐரோப்பியரிடம் மிகுதி, நம்மிடம் அரிது.

விடை கொரியாவிலிருந்து வந்தது. 2014இல், குரோன் நோய்க்கு இதே குடும்பத்து மருந்தை உண்டவர்களை அங்கே ஆராய்ந்தபோது என்யுடிடி15 என்னும் மரபணுவில் ஓரெழுத்து மாற்றம் தெரியவந்தது. அதன் புரதத்தில் 139ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன். டிஎன்ஏவுக்குள் நுழையவிருக்கும் மருந்தின் பாஸ்பேட்டுகளைக் கழற்றித் தடுக்கும் காவல் நொதி இதனால் நிலைகுலைகிறது. அடுத்த ஆண்டே ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடமும் இது உறுதியானது. தாய்வழி, தந்தைவழி இரு பிரதிகளும் மாறியிருந்த குழந்தைகள் திட்டமிட்ட அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்கவில்லை. தெற்காசியரில் தோராயமாகப் பத்தில் ஒருவரேனும் ஒரு பிரதியைச் சுமக்கிறார்.

இவையெல்லாம் நான் அந்த முடிவை எழுதும் முன்பே அச்சில் இருந்தவை. எங்கள் சோதனைக் கிட்டில் என்யுடிடி15 இல்லை; இல்லாததைத் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஊட்டக்குறைவு, தொற்று என்று வேறு காரணங்கள் கைவசம் இருந்தன. (இந்தியக் குழந்தை என்றால் அவை எப்போதும் கைவசம் இருக்கும்.)

மிச்சமிருந்த டிஎன்ஏவை நான்கு மாதம் கழித்து வரிசைப்படுத்தினேன். இரு பிரதிகளும் மாறியிருந்தன. கை நடுங்க மருத்துவரை அழைத்தேன். அவர் வியப்படையவில்லை. வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து அளவைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். “இப்போது வாரத்துக்கு ஒரே மாத்திரை, அதையும் பிளந்துதான் கொடுக்கிறோம்” என்றார். மரபணு வழிகாட்டுதல் பரிந்துரைக்கும் அளவுக்கு மிக அருகில் இருந்தது அது. அங்கே போய்ச் சேர, அந்தக் குழந்தை இரண்டு முறை வார்டில் கிடக்க வேண்டியிருந்தது.

நோட்டில் அந்தச் சொல்லை நான் அடிக்கவில்லை. எதைச் சோதித்தேன், எதைச் சோதிக்கவில்லை என்று பக்கத்திலேயே தேதியிட்டு எழுதியிருக்கிறேன். எங்கள் அறிக்கைப் படிவத்திலும் இப்போது “சோதிக்கப்படாதவை” என்றொரு வரி உண்டு. உங்கள் ஆய்வகத்துப் படிவத்தில் இருக்கிறதா?