சுவருக்குள் ஒரு தனி லைன்

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் ஆலங்குடி வட்டாரத்தின் ஓட்டுக் கூரைகளையும் கீற்றுக் கூரைகளையும் பெயர்த்துப் போட்டது. அதன்பின் இங்கே எழுந்த வீடுகளில் பல, காங்கிரீட் தளம் போட்டவை. பகலில் வாங்கிய வெயிலைத் தளம் இரவில் அறைக்குள் இறக்குவதால், சித்திரை பிறந்தால் ஏசிப் பேச்சும் பிறந்துவிடுகிறது. வயரிங் நடக்கும் வீடுகளில் நான் கண்ட முரண் இது: மெஷினுக்கு முப்பது, நாற்பதாயிரம் கொடுக்கத் தயங்காதவர்கள், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரில் ஓரிரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த மிச்சத்துக்கு வழிவிடுவது நாம் கூலி பேசும் முறைதான் என்பது என் வாதம்.

வேலையைக் கவனித்தால் இது புரியும். செங்கல் கட்டு முடிந்து பூச்சு வேலை தொடங்கும் முன் வயர்மேன் சுவரில் கோடு போடுகிறார். கட்டிங் மெஷினால் இணையாக இரண்டு வெட்டு, நடுவில் உளியால் கொத்தி ஒரு காடி, அதற்குள் பிவிசி பைப். செங்கல் தூசி மூக்கிலும் கண்ணிலும் ஏற, பெரும்பாலானவர்களுக்குத் தலைத்துண்டே முகக்கவசம். எங்கு வெட்டுவது என்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. நெடுக்குக் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது கட்டுமான விதி. நாலரை அங்குலச் சுவரில் கிடையாக வெட்ட அனுமதி முக்கால் அங்குலம்தான். ஒரு அங்குலப் பைப் அதில் அடங்காது. ஆகவே தேர்ந்தவர் தளம் போடும்போதே கம்பிக்கட்டோடு பைப்பை ஓட்டி, வேண்டிய இடத்தில் நேராகக் கீழிறக்குகிறார். வளைவு கூடினால் பின்னால் வயர் இழுக்கும்போது சிக்கும். பலம் போட்டு இழுத்தால் மேலுறை உரசிக் காயப்படும். பூச்சுக்குப் பிறகு அந்தக் காயத்தை யாரும் பார்க்க முடியாது.

லைட், ஃபேன் சர்க்யூட் ஒன்றுக்குப் பத்து பாயிண்ட், 800 வாட் என்பது வயரிங்கில் நெடுங்காலமாகச் சொல்லித்தரப்படும் கணக்கு. ஒன்றரை டன் ஏசி ஒன்றே ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு இழுக்கும். மூவாயிரம் வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். மெயின் பாக்ஸிலிருந்து குளியலறை 15 மீட்டர் என்றால், போக வர 30 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்தத் தூரத்துக்குள் சுமார் 60 வாட் வெப்பமாகும்; அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றைச் சுவருக்குள் புதைத்து எரியவிடுவதுபோல. 4 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 23 வாட்டாகக் குறையும். சாதாரண பிவிசி மேலுறை தாங்கும் எல்லை 70 டிகிரி. பழைய கைகள் இன்றும் ‘செவன் ட்வென்ட்டி’ என்று கேட்டு வாங்கும் வயர் நாலரைச் சதுர மில்லிமீட்டரைத் தொடும். அந்த வழக்கம் சும்மா வந்ததில்லை.

மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறதே, சூடானால் விழுந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வயரின் அளவுக்கேற்ற எம்.சி.பி. இருந்தால் விழும். அடிக்கடி விழுகிறது என்று 10 ஆம்பியரைக் கழற்றி 32 ஆம்பியரை மாட்டிவிட்டால், அது மௌனமாக இருக்க வயர் உருகும். இன்வெர்ட்டர் ஏசிக்கு மின்சாரம் குறைவுதானே என்பது அடுத்த கேள்வி. சராசரியில் குறைவு, உண்மை. உச்சி வெயிலில் அறையைக் குளிர்விக்கத் தொடங்கும்போது அதுவும் முழு மின்னோட்டத்தை இழுக்கும். கீசருக்கு அந்தச் சலுகைகூட இல்லை. மூன்றாவது வயரான எர்த்துக்கு இந்த மண்ணில் கூடுதல் கவனம் வேண்டும். கோடையில் செம்மண் காய்ந்தால் எர்த் குழியின் மின்தடை ஏறும். ஏசி அதிகம் ஓடும் மாதங்களில்தான் எர்த் வலுவிழக்கிறது. குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும் அதனால் அவசியம்.

இவ்வளவும் வேலை தெரிந்த வயர்மேனுக்குத் தெரியும். ஆனால் அவருக்குக் கூலி பாயிண்ட் கணக்கில். பக்கத்து ஸ்விட்ச் போர்டிலிருந்து ஒட்டு எடுத்தாலும் ஒரு பாயிண்ட். மெயினிலிருந்து தனி லைன் இழுத்தாலும் பல வீடுகளில் அதே பாயிண்ட், கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் உண்டு. இதற்கு மாற்று, தனி லைனுக்கு நீளத்தை அளந்து கூலி கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் வேண்டுமென்றே சுற்றி இழுப்பார்களே என்ற ஐயம் நியாயமானது. பூசாத சுவரில் டேப் பிடித்தால் அது தெரிந்துவிடும். மெல்லிய வயரோ, மூடிய சுவருக்குள் தெரியாது. பழைய வீட்டில் சுவரை வெட்ட முடியாவிட்டால் மேலே பட்டை அடித்துத் தனி லைன் கொண்டுபோகலாம். அழகு குறையும், ஆபத்தும் குறையும்.

தமிழக அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்திச் சான்று தருகிறது. அந்தச் சான்று உள்ளவரை அழையுங்கள். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி லைன் என்று எழுதி, அந்த லைன்களுக்கு மீட்டர் கணக்கில் கூலி பேசுங்கள். பூச்சுக்கு முன் பைப் போகும் வழியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.