கிட்டார் வாங்குமுன் மடியில் வைத்துப் பாருங்கள்

பேத்தி எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கிறாள். அவள் ஆசைப்படுவது 1958-இல் வந்த ஃப்ளையிங் வி. அம்பு முனை போல அழகுதான். ஆனால் உட்கார்ந்து வாசித்தால் தொடையில் நிற்காமல் வழுக்கும். 1952-இல் வந்த லெஸ் பால் கம்பீரமானது. ஆனால் கனம் தோளை அழுத்தும். கீழே விழுந்தால், பின்பக்கம் சாய்ந்த தலைப்பகுதி கழுத்தோடு ஒடியக்கூடும். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் விலாவும் முன்கையும் படுமிடங்களைச் சரித்துச் செதுக்கியிருப்பார்கள். கழுத்தைத் திருகாணியில் பூட்டியிருப்பதால், பழுதானால் கழற்றி மாற்றலாம்.

தினமும் உட்கார்ந்து பழக வேண்டிய பிள்ளைக்கு உடம்பு நோகக்கூடாது. நொந்தால் ஒரே மாதத்தில் மூலையில் சாத்திவிடுவாள். என் ஓட்டு ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கே. ஆனாலும் வாசிக்கப்போகிறவள் அவள். கடையில் மூன்றையும் மடியில் வைத்துப் பார்த்து அவளே சொல்லட்டும்.