திண்ணையில் நடந்த தேர்தல்

தமிழகத்தின் எல்லையைக் கடந்து சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் செய்தித்தாள் என்பது வெறுந்தாளன்று. பிறந்த மண்ணிலிருந்து நாள்தோறும் வந்து நலம் உசாவிச் செல்லும் உறவினர் போன்றது. அந்த உறவினர் சில நாட்களில் கலகமும் மூட்டிச் செல்வார் என்பதை நாங்கள் இளமையிலேயே கண்டோம்.

எங்கள் தந்தையார் குடியாத்தத்திலிருந்து வந்து, சித்தூரில் வெல்ல மண்டி ஒன்றில் கணக்கெழுதியவர். மாலையில் கைகால் கழுவித் திண்ணையில் அமர்ந்தாரெனில், தமிழ் நாளிதழை உரக்கப் படிப்பார். எதிர்வீட்டுத் தெலுங்காசிரியர் தம் தெலுங்குத் தாளை மடித்து இடுக்கிக்கொண்டு வந்து சேர்வார். அவரை நாங்கள் 'மாஸ்டாரு' என்றே அழைத்தோம். ஒரு செய்தியை அப்பா தமிழில் படிக்க, அதையே அவர் தெலுங்கில் படிப்பார். ஒரே நிகழ்ச்சி இரண்டு மொழிகளில் இரண்டு முகம் காட்டும் விந்தையை நாங்கள் அங்கேதான் கற்றோம். பின்னர் அவர் எங்களை உட்கார வைத்து, ஊதியம் ஏதும் பெறாமல் தெலுங்கு சொல்லிக்கொடுப்பார். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த எங்களுக்கு அந்த ஒரு மணி நேரமே கரையேற்றும் தோணி.

அந்தத் திண்ணைக்கு 1969ஆம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தார். அடுத்து வருபவர் யார் என்ற வினா நாட்டை உலுக்கிற்று. பெங்களூரில் கூடிய காங்கிரசுத் தலைவர்கள் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தனர். இந்திரா காந்தி அம்மையாருக்கு அதில் உடன்பாடில்லை; ஆயினும் ரெட்டியின் வேட்பு மனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டவரும் அவரே. துணைத் தலைவராக இருந்து தலைவர் பணியையும் பார்த்துவந்த வி.வி. கிரி, ஜூலை 20ஆம் நாள் பதவி விலகித் தனித்து நின்றார். மனிதன் நிலவில் இறங்கியதும் அதே நாளில்தான். எங்கள் திண்ணையிலோ நிலவைவிடத் தில்லியே பெரிதாகத் தெரிந்தது.

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே. நமக்கு அதில் வாக்கில்லை. இருந்தும் ஊரில் வாக்களிக்காதவர் ஒருவரும் இல்லை என்னும்படி பேச்சு நடந்தது. மாஸ்டாருக்கு ரெட்டிகாரு அண்டை மாவட்டமான அனந்தபுரத்து இல்லூரில் பிறந்தவர். ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர். 'நம்ம சீமை மனிதர்'. அப்பா அறிஞர் அண்ணாவின் படத்தைக் கூடத்தில் மாட்டி, அவர் மறைந்த துயரம் ஆறாதிருந்தவர். தி.மு.கழகம் கிரியை ஆதரித்ததால் அவரும் கிரியின் பக்கம். திருப்பதியில் கடை வைத்திருந்த எங்கள் சிற்றப்பாவோ காமராசரின் அடியார். காமராசர் ரெட்டியை ஆதரித்ததால் அவருக்கும் ரெட்டியே தலைவர். எனவே அது தமிழருக்கும் தெலுங்கருக்கும் நடந்த போரன்று. தெலுங்கர் இருவருக்காகத் தமிழர் வீடொன்று இரண்டுபட்டது என்பதே உண்மை.

தாள்கள் நாள்தோறும் வேட்பாளர்களின் அடிசறுக்கல்களை அளந்தன. காங்கிரசுத் தலைவர் நிஜலிங்கப்பா, சனசங்க, சுதந்திரா கட்சித் தலைவர்களைச் சந்தித்து, அவர்களுடைய இரண்டாம் விருப்ப வாக்குகளை ரெட்டிக்குக் கேட்டார். விருப்ப வரிசை முறையில் இது சட்டத்துக்கு உட்பட்ட கணக்கே. எனினும் அதை முன்கூட்டியே எடுத்துரைக்க அவர் தவறினார். விளக்கம் வருமுன் ஐயம் வந்து அமர்ந்துகொண்டது. எதிர்த்தரப்பாரோ ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டனர். தமிழ்த் தாள்கள் அதை 'மனச்சாட்சி' என்றன. தெலுங்குத் தாள்கள் 'ஆத்மப் பிரபோதம்' என்றன. மனச்சாட்சிப்படி வாக்களிப்பீர் என்ற அழைப்பை எவர் மறுக்க முடியும்? வாய்க்குள் அடங்கும் ஒரு சொல், பத்துப் பத்தி விளக்கத்தை வென்றுவிடும் என்பதை அன்று அறிந்தோம்.

ஆகஸ்டு 16ஆம் நாள் வாக்குப்பதிவு. 20ஆம் நாள் எண்ணிக்கை. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. எவருக்கும் பாதிக்கு மேல் இல்லாமையால் அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. அவ்வகையில் ரெட்டிக்குக் கூடியவை 91,879. கிரிக்கு 18,562 மட்டுமே. இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. நிஜலிங்கப்பா போட்ட கணக்கு பொய்க்கவில்லை; அக்கணக்கு பிறர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் கணக்கிடாததே பிழை எனப் பலரும் கருதினர்.

எங்கள் வீட்டுப் பிழை அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. வாக்குப்பதிவுக்குச் சில நாட்களுக்கு முன், திருப்பதி சென்று திரும்பிய அப்பா, பேருந்தில் கேட்ட ஒரு வம்பைத் திண்ணையில் அவிழ்த்தார். ரெட்டியின் ஒழுக்கத்தைப் பழிக்கும் பேச்சு அது. எந்தத் தாளிலும் அச்சேறாத அதற்குத் தம் கைச்சரக்கும் சேர்த்து, கூடியிருந்தோர் சிரிக்கும்படி சொன்னார். மாஸ்டாரு சிரிக்கவில்லை.

"அய்யா, இதை நீங்கள் கண்ணால் கண்டீர்களா?"

"ஊரே பேசுகிறது, மாஸ்டாரு."

"ஊருக்குக் கையெழுத்து கிடையாது. உங்களுக்கு உண்டு" என்று கூறித் தம் தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் அவர் வரவில்லை. எங்கள் பாடமும் நின்றது. அப்பா கூப்பிடவில்லை. 'தோற்ற கட்சிக்காரருக்குக் கோபம்' என்று பின்னர் சொல்லிக்கொண்டார். எங்களுள் மூத்தவர் பள்ளியிறுதித் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேறித் தெலுங்கில் மட்டும் தவறினார்.

அந்த 1970ஆம் ஆண்டிலேதான் கிரியின் வெற்றியை எதிர்த்த வழக்கு உச்சநீதிமன்றத்தில் நடந்தது. ரெட்டியைப் பழித்து எழுதப்பட்ட பெயரில்லாத் துண்டறிக்கை ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே வலம் வந்ததென்பது முறையீடுகளுள் ஒன்று. பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சியம் அளித்தார். இறுதியில் வழக்கு தள்ளுபடியானது. கிரியின் வெற்றி நிலைத்தது. வென்றது தம் கட்சியே ஆயினும் அப்பாவுக்கு அச்செய்தி இனிக்கவில்லை. 'பெயரில்லா அறிக்கை' என்ற சொல்லை உரக்கப் படித்தவர், அங்கேயே நிறுத்தினார். புறங்கூறாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தாம்.

அன்றிரவு எங்களை அழைத்து, தாம் சொல்லச் சொல்லத் தெலுங்கில் எழுதச் சொன்னார். 'நான் காணாததைக் கண்டதுபோல் சொன்னேன். அது என் பிழை' என்பதே கடிதத்தின் சாரம். அடியில் தம் பெயரைத் தெலுங்கெழுத்தில் தாமே நடுங்கும் கையால் எழுதினார். மறுநாள் மாலை கடிதம் திரும்பி வந்தது. எழுத்துப் பிழைகள் அனைத்தும் சிவப்பு மையால் திருத்தப்பட்டிருந்தன. கையெழுத்தின் கீழே மட்டும் ஒரு கோடும் இல்லை. கடிதத்தின் பின்னாலேயே மாஸ்டாரும் வந்தார். "ஏழு பிழை. பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், பாடத்தைத் தொடங்கலாம்" என்றார். அடுத்த துணைத்தேர்வில் மூத்தவர் தெலுங்கிலும் தேறினார்.

தோல்விக்குப் பின் அனந்தபுரம் திரும்பி உழவைப் பார்த்திருந்த சஞ்சீவ ரெட்டி, 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நந்தியாலத்தில் ஜனதா வேட்பாளராக வென்றார். ஆந்திரத்தின் 42 தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிட்டாத ஒரே தொகுதி அது. அவ்வாண்டே குடியரசுத் தலைவர் தேர்தலில் மனு அளித்த 37 பேருள் 36 பேரின் மனுக்கள் தள்ளுபடியாக, போட்டியின்றியே தேர்வு பெற்று ஜூலை 25ஆம் நாள் பதவியேற்றார். அன்று அப்பா மண்டியிலிருந்து அச்சுவெல்லம் வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குச் சென்றார்.

"உங்கள் மனிதர் தலைவராகிவிட்டார், மாஸ்டாரு."

"நம் மனிதர் என்று சொல்லுங்கள், அய்யா."

அதன் பிறகும் தேர்தல்கள் வந்தன. 1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐதராபாத் விமான நிலையத்தில் முதலமைச்சர் அஞ்சையாவை ராஜீவ் காந்தி பலர் அறியக் கடிந்துகொண்டது சில நிமிடச் செயல்தான். அதுவே தெலுங்கரின் 'ஆத்மகௌரவம்' என்னும் முழக்கத்துக்கு உரமாயிற்று. மார்ச்சில் கட்சி தொடங்கிய என்.டி. ராமராவ், 1983 சனவரியில் ஆட்சியையே பிடித்தார். திருப்பதித் தொகுதியிலும் வென்றார். அந்த முழக்கத்தில் எங்களுக்கு இடமுண்டோ என்று தமிழ்க் குடும்பங்கள் சற்றே கலங்கின. மாஸ்டாரோ, "என் வீட்டில் விளக்கேற்றினால் உங்கள் வீடு இருண்டு போகுமா?" என்று கேட்டார். அதற்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அப்பாவும் மாஸ்டாரும் இன்றில்லை; அந்தத் திண்ணையும் இடிபட்டுக் கடையாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் பல நாடுகளில் இருந்துகொண்டு, எந்த நாட்டுத் தலைவர் எங்கே நாத்தவறினார் என்பதை நொடியில் கைப்பேசியில் அனுப்புகின்றனர். சிரிக்கிறோம், பிறருக்கும் அனுப்பத் துடிக்கிறோம். அவ்வேளையில் சிவப்பு மை படிந்த அந்தப் பழைய கடிதம் நினைவுக்கு வருகிறது.

வேட்பாளர்கள் சில திங்கள்களில் வந்து போவர். எதிர்வீட்டார் வாழ்நாள் முழுவதும் எதிர்வீட்டார். அயல்மண்ணில் வேரூன்றிய நமக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியவேண்டும். ஒருவரைப் பற்றி ஒன்றைச் சொல்லுமுன், அதன் அடியில் நம் கையெழுத்தை இடுவோமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். கை தயங்கினால், நாவும் தயங்கட்டும்.