ஒரே அறை, மூன்று வகுப்பு

திங்கள்
ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். வகுப்புகள் ஐந்து என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இன்று மூன்றாம் வகுப்புக்கு 42 கழித்தல் 17. “ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கணும்” என்று ஒப்பித்தார்கள். எதைக் கடன் வாங்குகிறோம் என்று கேட்டேன், பதில் இல்லை. பக்கத்துப் பாயில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ரப்பர் பேண்டைக் கழற்றியபடி, “ஒரு கட்டைப் பிரிச்சா பத்து இருக்கே டீச்சர்” என்றாள். பெரியவர்கள் எல்லோரும் அவள் பாய்க்கே போய்விட்டார்கள். தனி வகுப்பில் இது நடந்திருக்காது.

புதன்
சின்னதுகள் அழும், வெளியே போகணும் என்று விரல் நீட்டும். மூன்றாம் வகுப்பு கேள்வி கேட்கும். கொடுத்ததை எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் இருப்பது இரண்டாம் வகுப்புதான். அந்த அமைதியைப் புரிதல் என்று எடுத்துக்கொள்வதுதான் இப்படிப்பட்ட அறையின் பெரிய ஆபத்து. கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதும் பையனிடம் அதே சொற்களை இடம் மாற்றிக் காட்டினேன், வாசிக்கத் தெரியவில்லை. இனி முதல் பாடவேளை இரண்டாம் வகுப்புக்கே.

வியாழன்
சுவரோரம் பிள்ளைகள் உயரத்தில் ஓடும் கரும்பலகை செயல்வழிக் கற்றல் காலத்தது. ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. தட்டுகளில் பாட அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி. அதில் நான் மதிப்பது ஒன்றை: காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்தே ஏறலாம். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பிரிவும் வகுப்பைவிடப் பிள்ளையின் நிலையைத்தான் பார்க்கிறது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசிப்பில் அரும்பில் உட்காரக் கூசுகிறான். அவன் கணக்கில் கெட்டி. அங்கே மலரில் முன்னால் உட்காருகிறான். அதை எல்லோரும் பார்க்கும்படி செய்கிறேன்.

வெள்ளி
நன்றாக வாசிக்கும் சிறுமியை எல்லோரும் அக்கா, அக்கா என்று இழுக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பதில் அவளும் கற்கிறாள், உண்மை. அதற்காக அவளைத் துணை ஆசிரியராக்குவது நியாயமில்லை. மதிய உணவுக்குப் பிந்தைய வேளை அவளுடையது. யாரும் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நூலகப் பெட்டியிலிருந்து தடிமனான கதைப் புத்தகத்தை அவளே எடுத்துக்கொண்டாள்.