யோம் என்றால் எத்தனை மணி நேரம்?

பணி ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் எபிரேயம் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் 'யோம்'. நாள் என்று பொருள்.

ஆதியாகமம் முதல் அதிகாரம் 5-ஆம் வசனத்திலேயே இந்தச் சொல் இரண்டு பொருளில் வருகிறது. வெளிச்சத்துக்கு இட்ட பெயரும் யோம். மாலையும் காலையும் சேர்ந்ததும் யோம். தமிழ் வேதாகமம் முன்னதைப் 'பகல்' என்றும் பின்னதை 'நாள்' என்றும் பிரித்துச் சொல்வதால் நமக்கு இது தெரிவதில்லை. இரண்டாம் அதிகாரம் 4-ஆம் வசனத்திலோ, வானமும் பூமியும் உண்டான காலம் முழுவதற்கும் ஒரே 'யோம்'தான். சூரியன் வருவதே நான்காம் நாளில். அதற்கு முந்தைய மூன்று நாட்களை எதைக் கொண்டு அளப்பது?

அதற்காக, யோம் என்றால் யுகம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில், ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்ற கட்டளைக்கு இதே ஆறு நாட்கள்தான் காரணம்.

இதை எழுதக் காரணம் உண்டு. என் நண்பரும் நிலவியல் படித்த அவருடைய மகனும், ஆறு நாளா, 450 கோடி ஆண்டா என்று வாதாடி, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "எங்கள் தாத்தா நாளில்" என்கிறோம். "ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை" என்கிறோம். யாராவது குழம்புகிறார்களா? சொல் நிற்கும் இடம்தான் அதன் பொருளைச் சொல்லும். அந்த ஒரு சொல்லுக்காகப் பெற்ற பிள்ளையை இழக்க வேண்டுமா?

எபிரேயத்தில் 'ஹயோம்' என்று ஒரு சொல் உண்டு. 'இன்று' என்று அர்த்தம். அதில் யாருக்கும் சண்டை இல்லை. நண்பரே, மகனுக்கு இன்றே போன் போடுங்கள்.